களிம்பு பிடித்த எஸ்டீம்

மிக்ஜாம் புயலுக்குப் பிந்தைய இரண்டாவது கோடையில் அந்த வண்டி என் ஷெட்டுக்கு வந்தது. 2005 மாடல் மாருதி எஸ்டீம். ஆர்சியில் வெள்ளை என்று இருக்கும். காசிமேட்டுத் தெருவோரத்தில் கடற்காற்று வாங்கிக்கொண்டு நின்ற வண்டியை இப்போது வெள்ளை என்று சொல்ல மனம் வராது. ஓட்டி வந்த தம்பி மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவன்.

"ண்ணா, 4500-க்கு மேல போனா முக்குது. பெட்ரோல் மட்டும் நல்லா குடிக்குது. பெட்டியக் கொஞ்சம் ஏத்தி வுட்டா செட்டாயிடும்னு சொன்னாங்க."

பெட்டி என்று அவன் சொன்னது, டேஷ்போர்டுக்குக் கீழே இரட்டைப் பக்க டேப்பில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஜப்பான் ஃப்யூயல் கன்ட்ரோலர். செகண்ட் ஹேண்ட். வேறொரு ஏரியாவில் இருக்கும் கடையில், நான்கு சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்க்கும் 4-2-1 ஹெடர், கூம்பு ஏர் ஃபில்டர், இந்தப் பெட்டி மூன்றையும் ஒரே நாளில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். முதல் சில மாதம் வண்டி நன்றாகவே போனதாம். அப்புறம்தான் இந்த முக்கல்.

என் தொழில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் ஒரு வண்டி நிற்கிற அளவு ஷெட். டியூனிங் என்பது ஞாயிற்றுக்கிழமை ஆசை. என் பெரியப்பா இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்னால் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களை ஒன்றுவிடாமல் போய்ப் பார்த்தவர். கார்புரேட்டர் ஜெட்டைக் கையில் உருட்டியே அளவு சொல்வார். அந்தப் பைத்தியத்தில் கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பெட்டி செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். எஸ்டீமின் 1298 சிசி எஞ்சினில் காற்றின் அளவை நேராக அளக்கும் மீட்டர் கிடையாது. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் வோல்டேஜாகச் சொல்லும். அந்த வோல்டேஜையும், எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகமான ஆர்பிஎம்மையும், காற்றின் சூட்டையும் வைத்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று எஞ்சினின் கம்ப்யூட்டரான இசிஎம் கணக்குப் போடும். மேப் சென்சாரின் சிக்னல் வயரை நடுவில் வெட்டி, அங்கே உட்கார்ந்துகொள்வதுதான் பெட்டி. சென்சார் 3 வோல்ட் என்றால் இது 3.15 என்று மாற்றிச் சொல்லும். காற்று அதிகம் வருகிறது என்று இசிஎம் நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். இன்ஜெக்டரோடு பெட்டிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. நடுவில் நின்று பொய் சொல்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியில் ஆக்சிலேட்டர் லேசாக இருக்கும்போது ஒரு வரிசை, முழுக்க மிதிக்கும்போது ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஆர்பிஎம்முக்கு 12 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் சதவீதக் கணக்கில் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். திறந்து பார்த்தேன். லேசான ஆக்சிலேட்டர் வரிசையில் மேலிருந்து கீழ்வரை +12. முழு ஆக்சிலேட்டர் வரிசையில் 4000-இல் +10, 5000-இல் +18, 5800-இல் +22.

ஹெடரும் ஃபில்டரும் மட்டும் மாற்றிய, உள்ளே கை வைக்காத எஞ்சின் இது. இதற்கு 3 அல்லது 5 என்றால் நம்பலாம். 22 என்றால் அந்த எண்ணே ஒரு புகார் மனு. அன்றைக்கே எனக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. நானும் முதலில் திருகத்தான் செய்தேன்.

ஹெடரின் நான்கு குழாய்களும் சேர்ந்த இடத்துக்குக் கீழே ஒரு நட் வெல்டு செய்து எக்ஸாஸ்டைப் பார்த்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சொல்லும் வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தினோம். சென்சார் தலைகீழாக இருந்தால் எக்ஸாஸ்டின் ஈரம் உள்ளே தேங்கி அதைக் கொன்றுவிடும் என்பதால் மேல்பக்கமாகச் சாய்த்து வைத்தோம். ரோட்டில் முழு ஆக்சிலேட்டர் சோதனை செய்ய எனக்கு விருப்பமில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் எந்த நேரமும் டிரெய்லர் வரிசை நிற்கும். இருந்தாலும் இரண்டாம் கியரில் ஒரே ஒரு தடவை, விடியற்காலையில், மாதவரம் தாண்டி ஓட்டிப் பார்த்தோம். ரீடிங் அவ்வளவு மோசமில்லை. அதனால் அடுத்த ஞாயிறு, வண்டியை உருளைகள் மேல் ஓடவிட்டு அளக்கும் டைனோ ஒன்றை மணி வாடகைக்கு எடுத்தோம்.

மூன்றாம் கியர், முழு ஆக்சிலேட்டர். காற்று-பெட்ரோல் விகிதம் 3000-இல் 11.9, 4000-இல் 12.3, 5000-இல் 13.1, 5800-இல் 13.7. இந்த மாதிரி டர்போ இல்லாத எஞ்சினுக்கு முழு மிதியில் 12.6, 12.8 பக்கம் இருந்தால் நிம்மதி. கீழே ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். மேலே லீன், அதாவது பெட்ரோல் குறைவு. சரி, மேலே ஏற்று என்று 5800-இல் 25 வைத்தேன். பத்து நொடியில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது.

காரணம் கையெழுத்துப் போட்ட மாதிரி தெளிவு. சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது. சாவியை மட்டும் போட்டு எஞ்சினை ஓடவிடாமல் பார்த்தால் இந்த வண்டியின் மேப் சென்சார் 3.9 வோல்ட் காட்டும். முழு ஆக்சிலேட்டரிலும் கிட்டத்தட்ட அதேதான், ஏனென்றால் அப்போது மேனிஃபோல்டுக்குள் வெளிக்காற்றின் அழுத்தம். 3.9-ஐ 25 சதவீதம் ஏற்றினால் 4.88. ஐந்து வோல்ட் சென்சாரில் அது வயர் ஷார்ட் ஆனது போலத்தான் இசிஎம்முக்குத் தெரியும். பொய்க்கும் ஒரு அளவு வேண்டும் இல்லையா?

இன்னொன்றையும் ஸ்கேனரில் பார்த்தோம். பெட்டியை +8 வரை ஏற்றும்போது இன்ஜெக்டர் திறக்கும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. +8-க்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் நேரம் அசையவில்லை. இசிஎம்மின் அட்டவணையில் அதற்கு மேல் வரிசையே இல்லை போல. முன்பு மாட்டியவர் 8-இலிருந்து 22 வரை திருகிய திருகல் எல்லாம் வெறும் திரையில் மாறிய எண். ஒரு வைட்பேண்ட் இருந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். காதால் டியூன் செய்திருக்கிறார்.

பெட்டியில் 10 என்று வைத்தால் பெட்ரோல் 10 சதவீதம் கூடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பெட்டி ஏற்றுவது வோல்டேஜை. மேப் சென்சாரின் வோல்டேஜ் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதில்லை. அதனால் ஒவ்வொரு அழுத்தத்திலும் கூடுகிற அளவு வேறு வேறு. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைய டைனோவில் உருப்படியாகக் கிடைத்த தடயம் தற்செயலாக வந்தது. ஒரே செட்டிங்கில் மூன்று ஓட்டம் அடுத்தடுத்து ஓட்டினோம். 5800-இல் முதல் ஓட்டத்தில் 13.7, இரண்டாவதில் 14.1, மூன்றாவதில் 14.4. நான் டீ குடிக்கப் போய்விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வந்து ஓட்டினால் மறுபடியும் 13.7. காற்று கூடியதால் வந்த லீன் இப்படி நேரம் பார்த்து ஏறி இறங்காது. ஏதோ ஒன்று சூடாகி, ஆறி, மறுபடி சூடாகிறது. வண்டியை அதற்கு மேல் வதைக்காமல் இறக்கிவிட்டேன். 14.4-இல் முழு மிதி மிதித்தால் உள்ளே பிஸ்டன் தலையில் என்ன நடக்கும் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

ஷெட்டுக்கு வந்ததும் பெட்டியின் எல்லா எண்ணையும் பூஜ்ஜியம் ஆக்கினோம். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே.

அடுத்து எக்ஸாஸ்ட் லீக். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்றை உறிஞ்சி, லீன் இல்லாதபோதும் லீன் என்று காட்டும். சைலன்சருக்குள் ப்ளோயரால் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். ஹெடர் எஞ்சின் தலையோடு சேரும் இடத்தில், மூன்றாவது சிலிண்டர் பக்கம் நுரை கட்டியது. வியாசர்பாடி வெல்டிங் பாய் ஃப்ளேஞ்சைத் தேய்த்துச் சமமாக்கிக் கொடுத்தார். புது கேஸ்கட். ஐடில் சீரானது. மேலே 5000-இல் எந்த மாற்றமும் இல்லை. எதிர்பார்த்ததுதான். அதிக ஆர்பிஎம்மில் எக்ஸாஸ்ட் அழுத்தம் வெளியேதான் தள்ளும், உள்ளே இழுப்பது குறைவு.

இன்ஜெக்டர் சின்னதாக இருக்குமோ? 5800 ஆர்பிஎம்மில் எஞ்சினின் ஒரு முழுச் சுற்று, அதாவது இரண்டு கிராங்க் சுற்று, 20.7 மில்லி செகண்ட். இன்ஜெக்டர் 14.5 திறந்திருந்தது. 70 சதவீதம். மூச்சு விட இடம் இருக்கிறது. பெரிய இன்ஜெக்டர் போடலாம் என்று முன்பு யாரோ அவனுக்கு ஆசை காட்டியிருந்தார்கள். நல்லவேளை, போடவில்லை. பெரிய இன்ஜெக்டரைச் சமாளிக்கப் பெட்டியில் மைனஸ் போட வேண்டும். மைனஸ் போட்டால் எஞ்சின் சும்மா ஓடுகிறது, பாரம் இல்லை என்று இசிஎம் நினைக்கும். நினைத்ததும் ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கை, முன்னால் தள்ளும். முழு பாரத்தில், மே மாத வெயிலில், முன்னால் தள்ளிய டைமிங். நாக்கிங்குக்கு, அதாவது உள்ளே பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பதற்கு, அழைப்பிதழ் வைத்த மாதிரி. பெட்டிகளால் போன எஞ்சின்களைப் பற்றிக் கேள்விப்பட்டால் முதலில் நான் கேட்பது இந்த மைனஸ் கதையைத்தான்.

மிச்சம் இருந்தது பெட்ரோல் வரும் வழி. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் குழாய்க்கு முன்னால் பிரஷர் கேஜ் மாட்டி, அதை வைப்பர் மேல் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் வைத்துக்கொண்டு மறுபடி டைனோ. ஐடிலில் 2.4 பார். பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 2.9. இரண்டும் சரி. முழு மிதியில் வேக்குவம் இருக்காது, அப்போதும் இந்த 2.9 நிற்க வேண்டும். முழு மிதியில் 4000-இல் 2.6, 5000-இல் 2.3, சூடான பிறகு 5800-இல் 2.1. கேஜின் முள் கண்ணெதிரே இறங்கியது.

இன்ஜெக்டர் வழியாகப் போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 2.9 இருக்க வேண்டிய இடத்தில் 2.1 என்றால் பெட்ரோல் 15 சதவீதம் குறைவு. முன்பு மாட்டியவர் தேடித் தேடித் திருகியது இந்தப் பதினைந்தைத்தான். பொய்யைக் கூட்டிக்கொண்டே போனார். பம்ப் கொடுக்க முடியாததை இசிஎம் கேட்டு என்ன பயன்?

ஃபில்டரை மாற்றினோம். 2.1 என்பது 2.2 ஆனது. பம்பை மாற்றிவிடலாம் என்று கைகள் பரபரத்தன. அந்த நேரத்தில் எலக்ட்ரீஷியன் புத்தி வேலை செய்தது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். டேங்குக்குப் போகும் கனெக்டரில் முள் குத்திப் பார்த்தால் 10.6. வழியில் 3.2 வோல்ட் காணோம். அதில் 2.6 ப்ளஸ் பக்கம், 0.6 எர்த் பக்கம்.

ப்ளஸ் வயரைப் பின்தொடர்ந்து போனேன். முன்பக்க இடதுசீட்டின் காலடியில், கார்பெட்டைத் தூக்கினால் ஒரு ஜாயின்ட். பெட்டிக்குக் கரண்ட் எடுக்க வேறு இடமே கிடைக்காத மாதிரி, பம்புக்குப் போகும் வயரை வெட்டி, மூன்று முனைகளைக் கையால் முறுக்கி, சால்டர் கூட வைக்காமல் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்ததும் உள்ளே செம்பு இல்லை. பச்சைக் களிம்புதான். அம்மா வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய செம்புக் குடத்தின் அடி போல.

"தம்பி, மிக்ஜாம்ல வண்டி எங்க நின்னுச்சு?"

"வூட்டு வாசல்லதான்ணா. சீட்டு வரைக்கும் தண்ணி. மூணு நாள்."

2023 டிசம்பரில் வடசென்னையில் நின்ற வண்டிகளில் எத்தனையோ இப்படி வெளியே நன்றாக ஓடிக்கொண்டு உள்ளே அரித்துக்கொண்டிருக்கின்றன. கார்பெட்டுக்குக் கீழே இருக்கும் பஞ்சு காய மாதக்கணக்காகும். தண்ணீர் வடிந்த பிறகும் உப்புக்காற்று நிற்பதில்லை. ராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பக்கத்து வண்டிகளில் எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டுவது எனக்குப் பல் துலக்குகிற மாதிரிப் பழக்கம். அப்படிப்பட்ட நானே இந்த வண்டியில் எர்த்தைக் கடைசியாகத்தான் பார்த்தேன்.

பம்ப் இழுப்பது சுமார் 5 ஆம்பியர். 3.2 வோல்ட் வீணானால் 16 வாட். அதில் பெரும்பங்கு இந்த ஒரு முடிச்சில். சின்ன சால்டரிங் அயன் ஒன்றைக் கார்பெட்டுக்குள் போட்டு வைத்த மாதிரி. ஓட ஓட ஜாயின்ட் சூடாகும், சூட்டில் தடை கூடும், பம்புக்கு வோல்டேஜ் இறங்கும். டீக்கடை இடைவேளையில் ஆறும். மூன்று ஓட்டங்களின் மர்மம் இதுதான். கார்பெட்டின் அடியில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கருகல் இருந்தது. அந்த இடம் பற்றிக்கொள்ளாமல் இருந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வேலை அரை நாளில் முடிந்தது. பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃப்யூஸ், புது ரிலே. பழைய பம்ப் வயர் இனி அந்த ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும். இது முக்கியம். சாவியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துவிட்டால், விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இசிஎம் நிறுத்தச் சொன்னால் நிற்க வேண்டும். பம்ப் கனெக்டரைப் புதிதாக்கி, எர்த்தை பாடியில் பெயின்ட் சுரண்டி வேறு போல்ட்டில் கொடுத்தேன். பெட்டிக்கான கரண்ட்டைத் தனி ஃப்யூஸில் எடுத்து, அதன் சென்சார் எர்த்தை இசிஎம்மின் எர்த்திலேயே சேர்த்தேன். மேப் சிக்னல் வயரின் இணைப்புகளுக்கு சால்டரும் சுருங்கும் குழாயும்.

பம்பில் 13.4 வோல்ட். டைனோவில் 5800-இல் 2.85 பார், எத்தனை ஓட்டம் ஓட்டினாலும்.

பெட்டி இன்னும் பூஜ்ஜியத்தில்தான் இருந்தது. 3000-இல் 12.5, 4000-இல் 12.6, 5000-இல் 12.9, 5800-இல் 13.2. இந்த எண்களைப் பார்த்தபோதுதான் டியூனிங் என்ற வேலையே தொடங்கியது. 4000 வரை தொடவில்லை. 5000-இல் +3, 5400-இல் +4, 5800-இல் +4. எல்லாம் 12.6-க்கும் 12.8-க்கும் நடுவில் வந்து உட்கார்ந்தன.

இங்கே எத்தனால் பற்றி ஒன்று. இப்போது பங்க்கில் போடுவது இ20, 20 சதவீத எத்தனால். சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், இதற்குச் சுமார் 13.5 போதும். அப்படியானால் 12.7 என்ற இலக்கு தப்பா? இல்லை. வைட்பேண்ட் உண்மையில் அளப்பது லாம்டாவை, அதாவது தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பதை. அதை 14.7-ஆல் பெருக்கி, பெட்ரோல் கணக்கில் காட்டுகிறது. திரையில் 12.7 என்றால் லாம்டா 0.86. எந்த எரிபொருளாக இருந்தாலும் 0.86 என்பது அதே அளவு ரிச். குழம்பினால் கேஜையே லாம்டாவில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 2005 மாடல் வண்டியின் இசிஎம் கணக்குக்கு இ20 தெரியாது. முழு மிதியில் அது ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காமல் அட்டவணைப்படியே ஊற்றும். அதனால் அந்த +4-இல் ஹெடரின் பங்கை விட எத்தனாலின் பங்குதான் அதிகம் என்பது என் கணிப்பு.

லேசான ஆக்சிலேட்டர் வரிசையைப் பூஜ்ஜியத்திலேயே விட்டேன். வண்டி வந்தபோது அங்கே +12 இருந்தது, ஸ்கேனரில் லாங் டேர்ம் ட்ரிம், அதாவது இசிஎம் தானாகச் செய்துகொள்ளும் திருத்தம், −6. பெட்டி கூட்டியதை இசிஎம் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கழித்துக்கொண்டிருந்தது. புருஷன் ஃபேனைப் போட, மனைவி அணைக்க என்கிற கதை. எஞ்சின் சூடாகும் வரை மட்டும் சென்சார் பேச்சு எடுபடாது. அந்த நேரத்தில் பன்னிரண்டும் அப்படியே இறங்கும். காலையில் கறுப்புப் புகை அதனால்தான். தம்பி ஓட்டுவது வீட்டிலிருந்து யார்டுக்குப் போகும் குறுகிய தூரம். எஞ்சின் சூடாகி முடிப்பதற்குள் பாதி வழி வந்துவிடும். பெட்ரோல் குடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இப்போது ட்ரிம் +5, அதுவும் இ20 கணக்குக்குப் பொருந்துகிறது.

"அப்ப இதுல மைனஸ் போட்டு மைலேஜ் ஏத்தலாமேண்ணா?"

போட்டாலும் இசிஎம் திருப்பிக் கூட்டிவிடும் என்று சொன்னேன். அரை மனதாகத் தலையாட்டினான்.

டைனோவில் சக்கரத்தில் 72 குதிரைத்திறன் வந்தது. தயாரிப்பாளர் எஞ்சினில் 85 என்று சொன்ன வண்டிக்கு இது மரியாதையான எண். அவன் 100 எதிர்பார்த்திருந்தான். புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.2, வரம்பு 0.5. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதையும் அவன் காதில் போட்டுவைத்தேன். பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பரணில் பத்திரமாக இருக்கிறதாம்.

பெட்டியைக் கழற்றிவிடலாமா என்று நான்தான் கேட்டேன். மூன்று இடத்தில் +3, +4-க்காக மேப் வயரை வெட்டி வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நீல வெளிச்சம் ராத்திரியில் நன்றாக இருக்கிறதாம்.

இரண்டு மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தான். பம்பில் 13.3 வோல்ட், பிரஷர் அதே. பெட்டியைத் திறந்தால் 5400-இல் +9.

"யாரு திருகினது?"

"சும்மா பாத்தேன்ணா."

மறுபடி 4 வைத்தேன். முழு மிதி வரிசையின் பன்னிரண்டு எண்களையும் மார்க்கரால் பெட்டியின் முதுகில் எழுதி, அதற்குக் கீழே அன்றைய தேதி போட்டு, பேட்டரி 13.8, பம்ப் 13.3 என்றும் எழுதி வைத்தேன். அடுத்த மழைக்குப் பிறகு முதலில் அதைத்தான் அளக்கப் போகிறேன்.